தேயிலைப் பெருவழியில் வணிகர் மன்றங்கள்

ஒரு நாட்டின் பண்பாட்டைக் கட்டடங்களின் வாயிலாக அறிய விழைவோர் பெரும்பாலும் அரண்மனையை நாடுவர். அன்றேல் கோயிலை நாடுவர். முன்னது அரசனின் ஆற்றலைக் காட்டும். பின்னது மக்களின் பற்றினைக் காட்டும். இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது வகைக் கட்டடம் ஒன்று உண்டு. அது வணிகன் எழுப்பியது. வரலாற்று நூல்களில் அதற்குக் கிடைக்கும் இடம் சிறிது. ஆனால், மக்கள் ஒருவரோடொருவர் எவ்வாறு பழகினர், எதனை நேர்மை என மதித்தனர், எதற்கு அஞ்சினர் என்பனவற்றை அதுபோல் எடுத்துரைக்க வல்லது பிறிதில்லை.

சீனத்தை நினைக்கும்போது நெடுஞ்சுவரும் பெய்ஜிங் அரண்மனையுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. எனினும், தெற்கே வூயி மலையில் தொடங்கி வடக்கே உருசிய எல்லை வரை சென்ற தேயிலைப் பெருவழியில், வணிகர்கள் விட்டுச்சென்ற மன்றங்களும் மனைகளும் பணவிடை நிலையங்களும் இன்றும் நிற்கின்றன. அவை ஒரு பெரும் வினாவிற்கு விடை தருகின்றன. முன்பின் அறியாத வணிகர்கள், பல மாத வழித் தொலைவில் இருந்துகொண்டு, ஒருவரை ஒருவர் நம்பிப் பொருளைக் கொடுத்ததும் வாங்கியதும் எங்ஙனம் இயன்றது? அந்த நம்பிக்கை தானே வந்து வாய்த்ததன்று, திட்டமிட்டு வளர்க்கப்பட்டது. அதனை வளர்த்த கருவிகளுள் தலையாயது கட்டடம். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு வழி, இரு சொல்

சீனத்துத் தேயிலை உலகிற்குச் சென்ற வழிகள் இரண்டு: ஒன்று கடல்வழி, மற்றொன்று நிலவழி. இவ்வுண்மையை மொழியே காட்டிக் கொடுக்கிறது. தெற்குச் சீனக் கடற்கரையில் ஹொக்கியென் மக்கள் தேயிலையைத் 'தே' என்பர். அச்சொல் கப்பலேறி மலாய் மொழியில் 'தே' ஆயிற்று. டச்சுக்காரரிடமும் ஆங்கிலேயரிடமும் சிறிது திரிந்து வழங்கிற்று. 'தேயிலை' என்னும் நம் சொல்லில் முன்நிற்கும் 'தே'யும் அவ்வழி வந்ததே. சீனத்தின் பிற பகுதிகளில் வழங்கும் சொல் 'ச்சா' என்பது. அது நிலவழியே நடந்து, பாரசீகத்திலும் உருசியாவிலும் 'சாய்' என நிலைத்தது. இப்பாகுபாட்டிற்கு விலக்கும் உண்டு. மக்காவில் தங்கிய போர்த்துக்கீசியர், கடல்வழி வந்தவராயினும், 'ச்சா' என்ற ஒலியையே கொண்டுசென்றனர். ஆயினும், ஒரு சொல்லின் ஒலியைக் கொண்டு ஒரு பொருள் நடந்த வழியைக் கூறும் வாய்ப்பு மொழி பயில்வோர்க்கு இனிய வாய்ப்பன்றோ?

நம் காப்பிக் கடைகளில் கேட்கும் 'தே' கடல்வழியின் பிள்ளை. இங்கு நாம் ஆராயப் புகுவது அதன் உடன்பிறப்பாகிய 'சாய்' நடந்த வழி.

மலைமுதல் எல்லை வரை

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இவ்வழி உயிர்ப்புடன் விளங்கிற்று. ஃபூச்சியென் மாநிலத்து வூயி மலையில் பறித்துப் பதப்படுத்திய தேயிலையைச் சுமையாட்கள் மலைக்கணவாய் கடந்து சியாங்சி மாநிலத்து ஹெகோவ் ஊரில் சேர்த்தனர். அங்கே அது படகேறிப் பொயாங் ஏரி வழியாக யாங்சி ஆற்றை அடைந்து, ஹாங்கோவ் நகரை எய்திற்று. இந்நகர் இன்று வூஹானின் ஒரு பகுதி. பின்னர் ஹான் ஆற்றில் ஏறிச் சென்று, தாங் ஆற்றின் கிளையில் ஷெதியென் என்னும் ஊரில் கரைசேர்ந்தது. அதற்கு மேல் நீர்வழி இல்லை. கோவேறு கழுதைகளும் வண்டிகளும் சுமையை ஏற்றுக்கொண்டன. லோயாங் நகர், மஞ்சளாறு, தாய்ஹாங் மலைத்தொடர் ஆகியவற்றைக் கடந்து ஷான்ஸி மாநிலம் புகுந்தன. அதன்பின் நெடுஞ்சுவரின் வாயிலான சாங்ச்சியாகோவ் நகரம். ஐரோப்பியர் அதனைக் கல்கான் என்றனர். அங்கிருந்து ஒட்டகச் சாத்துக்கள் கோபிப் பாலையைக் கடந்து, கியாக்தா என்னும் எல்லை ஊரில் சரக்கை இறக்கின. உருசிய வணிகர் அதனை வாங்கி, சைபீரியா வழியாக மாஸ்கோவிற்கும் பீட்டர்ஸ்பர்க்கிற்கும் கொண்டுபோயினர். வழி முழுவதும் ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர்.

இவ்வழியின் வணிகம் பெரிதும் ஷான்ஸி மாநிலத்தார் கையில் இருந்தது. ஷான்ஸி தேயிலை விளையும் நாடன்று, கடற்கரை உடையதுமன்று. மலையும் வறண்ட மண்ணும் மிக்க அந்நாட்டில் பிறந்தோர் பிழைப்பிற்காக வெளியேறினர். பிற நாட்டார் விளைத்ததைப் பிற நாட்டார்க்குக் கொண்டு விற்று வளர்ந்தனர். அண்டை மாநிலமான ஷென்ஸி வணிகரும் அவர்களோடு இணைந்துகொண்டனர். வூயி மலையடியில் உள்ள சியாமெய் என்னும் சிற்றூரில், ஊர் நடுவே ஓடும் கால்வாயின் கரையில், ஸோவ் குடும்பத்தாரின் முன்னோர் மண்டபம் இன்றும் உள்ளது. இக்குடும்பம் ஷான்ஸியின் சாங் குடும்பத்தோடு தேயிலைத் தொழிலில் தொடர்பு கொண்டிருந்தது. தெற்கே ஒரு குடும்பம், வடக்கே ஒரு குடும்பம்; பேச்சு வழக்கு வேறு, உணவு வேறு, தெய்வமும் வேறு. இருவரையும் பிணைத்தது வாக்கு ஒன்றே.

1850களில் தைப்பிங் கிளர்ச்சி மூண்டு தென்வழி அடைபட்டபோது, வணிகர் சோர்ந்து அமரவில்லை. ஹூபெய், ஹூனான் மாநிலங்களில் தேயிலையைப் பயிரிடச் செய்து, யாங்லோதுங் முதலிய ஊர்களில் அதனைச் செங்கல்போல் அழுத்திக் கட்டிகளாக்கினர். அவற்றுள் சில கட்டிகளின்மேல் மூன்று கோடுகள் பதித்திருக்கும். அது 'ஆறு' எனப் பொருள்படும் சீன எழுத்து. சீன எழுத்தறியாத மங்கோலிய மேய்ப்பரும் மூன்று கோடுகளைக் கைவிரலால் தடவிச் சரக்கின் தரத்தை அறிந்துகொண்டனர் என்பர். நம்பிக்கை எழுத்தறிவுக்குக் காத்திருப்பதில்லை.

ஊர்விட்டு வந்தோர் மன்றம்

இவ்வணிகர் வழிநெடுக எழுப்பிய கட்டடங்களுள் முதன்மையானது 'ஹுய்குவான்' எனப்படும் மன்றம். 'கூடும் இல்லம்' என்பது அச்சொல்லின் பொருள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நாம் 'ஹுவே குவான்' எனக் கேட்டுப் பழகிய பெயர் இதுவே. சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் ஹக்கா மக்களின் 'யிங் ஃபோ ஃபூய் குன்' உள்ளது. 1822இல் தொடங்கப்பெற்ற அம்மன்றமும் இவ்வகையைச் சேர்ந்ததே. 1998ஆம் ஆண்டில் அது தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

மிங் அரசர் காலத்தில் தலைநகருக்கு வந்த அலுவலரும், அரசுத் தேர்வு எழுத வந்த மாணவரும் தம் ஊராரோடு தங்குவதற்கென ஏற்பட்ட இவ்வமைப்பு, பின்னர் வணிகரிடம் பரவிற்று. வணிகர் கையில் அதன் பணிகள் பெருகின. வந்தவன் தங்க அறை உண்டு. சரக்கை வைக்கக் கிடங்கு உண்டு. வழக்குத் தீர்க்க அவை உண்டு. வழிபடச் சன்னிதி உண்டு. கண்டு களிக்க நாடக மேடை உண்டு. அயலூரில் இறந்தவனின் உடலைச் சொந்த ஊருக்கு அனுப்பும் வரை காப்பதும், அஃது இயலாதபோது அடக்கம் செய்ய நிலம் தருவதும் மன்றத்தின் கடமைகளாயின. பிறந்த ஊரில் சுற்றமும் ஊரவையும் செய்யும் பணிகளையெல்லாம் அயலூரில் இவ்வொரு கட்டடம் செய்தது எனலாம்.

ஷான்ஸி, ஷென்ஸி வணிகர் தம் மன்றங்களில் நடுவிடம் அளித்தது குவான் யூ என்னும் வீரனுக்கு. நம் நாட்டுச் சீனக் கோயில்களில் செம்முகமும் நீள்தாடியும் உடையவராய்க் காணும் 'குவான் கோங்' இவரே. இவர் மூன்று அரசுகள் காலத்துப் படைத்தலைவர். ஷான்ஸியின் தென்பகுதியில் பிறந்தவர். பகைவன் பெரும்பரிசு அளித்தபோதும் தன் தலைவனுக்குக் கொடுத்த வாக்கை மறவாதவர் எனக் கதைகள் இவரைப் போற்றும். போர்வீரன் ஒருவன் வணிகர்க்குத் தெய்வமானது எவ்வாறு என ஐயுறுவோர் உண்டு. வணிகர் அவரிடம் போற்றியது வாளை அன்று, வாக்குத் தவறாமையை. தம் ஊரில் பிறந்தார் என்னும் உரிமையும், வாக்குத் தவறார் என்னும் பெருமையும் சேர்ந்து அவரை அவர்களின் சான்றாக்கின. அவர் திருமுன் பேசிய விலையை மாற்றுவது எளிதன்று.

கடனூர்

இம்மன்றங்களுள் சிறந்ததாகப் பலரும் போற்றுவது ஹெனான் மாநிலத்துச் ஷெதியென் ஊரில் உள்ளது. 'கடன் கடை' என அவ்வூர்ப் பெயரைத் தமிழாக்கலாம். பின்னாளில் ஹான் பேரரசனாகிய லியூ சியூ, படை திரட்டியபோது கொடி இல்லாமல், அவ்வூர்க் கள்ளுக்கடைக் கொடியைக் கடனாக வாங்கிச் சென்றான் என்பது பெயர்க்காரணக் கதை. கதை எதுவாயினும் ஆகுக. கடன் கொடுத்தலும் திருப்புதலும் உயிராக இருந்த ஊருக்கு அப்பெயர் பொருந்தியதே. 1965ஆம் ஆண்டில் அப்பகுதி தனி மாவட்டமானபோது, 'கடன்' என்னும் பொருள் நீங்க எழுத்தை மாற்றி, ஷெச்சி எனப் பெயரிட்டனர்.

படகு நின்று வண்டி தொடங்கும் இடம் அது என முன்னர்க் கண்டோம். சரக்கு கைமாறும் இடத்தில்தான் ஐயமும் பிறக்கும். எத்தனை மூட்டை வந்தது? எவ்வளவு எடை? நனைந்தது எவ்வளவு? இவ்வினாக்கள் நாள்தோறும் எழும் ஊரில் வணிகர் 1756ஆம் ஆண்டில் மன்றம் கட்டத் தொடங்கினர். வேலை நிறைவுற்றது 1892இல். 136 ஆண்டுகள்! தொடங்கியவர் எவரும் முடிவைக் காணவில்லை.

தெற்கு எல்லையில் வண்ண மெருகோடுகளால் ஆகிய பெருந்திரைச் சுவர் நிற்கும். அதனை அடுத்து வானளாவிய இரும்புக் கொடிமரங்கள் இரண்டு. பின்னர் மூன்று கூரைகள் அடுக்கிய நாடக மாளிகை. அதன் பெயர் 'தொங்கவிட்ட கண்ணாடி மாடம்' என்பது. அதன் இருபுறமும் மணிக்கூண்டும் முரசுக்கூண்டும் உள. நாடக மேடை தெய்வத்தை நோக்கி அமைந்துள்ளது. இடையில் பரந்த கல்முற்றம். எதிரே பெரு வழிபாட்டு மண்டபமும், அதன் இருபுறம் குதிரை காக்கும் தெய்வத்திற்கும் மருந்துத் தெய்வத்திற்கும் தனி மண்டபங்களும் உள்ளன. சுமை விலங்குகளையும் மருந்துச் சரக்கையும் நம்பி வாழ்ந்தவர்க்கு இவை வெறும் அணிகலன்கள் அல்ல. கல்லிலும் மரத்திலும் செதுக்கிய உருவங்களைக் காணவே இன்று பலர் வருகின்றனர். அவை வியக்கத்தக்கனவே. ஆயினும், அம்மன்றத்தின் உயிர் அங்கு நிற்கும் சில கற்பலகைகளில் உள்ளது.

கல்லில் எழுதிய நேர்மை

அவற்றுள் ஒன்று எடைகளைப் பற்றியது. அதன் வாசகம் 1724ஆம் ஆண்டில் முடிவு செய்யப்பெற்று, 1862இல் மீண்டும் பொறிக்கப்பட்டது. அதன் செய்தி இது: முன்னாளில் இவ்வூரில் விற்பனை செய்த கடைகள் சிலவே. மக்கள் பெருகக் கடைகள் இருபதுக்கு மேலாயின. அப்போது சிலர் தூக்குக்கோல்களை மாற்றி, பெரிதும் சிறிதுமாக வைத்துக்கொண்டு, தாம் மட்டும் ஆதாயம் அடையலாயினர். ஆதலின் வணிகர் அனைவரும் குவான் யூ கோயிலில் கூடி முடிவு செய்தனர். எடைக்கு 16 லியாங் நிறைந்திருக்க வேண்டும். வெள்ளி நிறுக்கும் சிறுகோல் தராசுக்கு ஒத்திருக்க வேண்டும். மறைவாக எவரும் கோலை மாற்றலாகாது.

இந்தப் பதினாறு லியாங் கணக்கு நமக்குப் புதிதன்று. மெட்ரிக் அளவை வருவதற்கு முன் நம் சந்தைகளில் 16 தாஹில் ஒரு காத்தி என எண்ணினோம். லியாங்கே தாஹில், அங்குள்ள சின்னே நம் காத்தி. மலாய் மொழியில் 'டாச்சிங்' என வழங்கும் தூக்குக்கோலும் அக்குடும்பத்ததே.

இனி, விதியை மீறியவனுக்குத் தண்டம் யாது? அவன் மூன்று நாடகங்களை நடத்தித் தருதல் வேண்டும்! அதற்கும் இணங்கானாயின், அவன் கோலோடு அலுவலரிடம் முறையிட்டுத் தண்டிக்கச் செய்வர்.

இத்தண்டத்தை முதலில் கேட்போர்க்கு நகை தோன்றலாம். ஆழ்ந்து எண்ணின் இதன் நுட்பம் புலனாகும். தண்டப் பணம் பெட்டிக்குள் மறைந்துவிடும். மறுநாள் எவரும் அறியார். நாடகமோ ஊரறிய நடப்பது. முரசு ஒலிக்கும், மக்கள் முற்றத்தில் திரள்வர், தெய்வம் எதிரே அமர்ந்திருக்கும். 'இன்று எதற்கு நாடகம்?' என ஒருவன் கேட்பான். 'இன்னான் கோலை மாற்றினான்' என மற்றவன் விடை சொல்வான். குற்றவாளி வெட்கமுற்றான், ஆனால் விலக்கப்படவில்லை. அவன் செலவில் ஊரார் மகிழ்ந்தனர். மகிழ்ந்தவர் அவனை மீண்டும் ஏற்றனர். தண்டமும் சமரசமும் ஒருங்கே நடந்தன. 'கண்ணாடி மாடம்' என நாடக மேடைக்குப் பெயரிட்டதன் பொருத்தமும் இங்கு விளங்கும். மேடை, முற்றம், சன்னிதி என்னும் மூன்றும் ஒரே கோட்டில் அமைந்தது அழகுக்காக மட்டுமன்று. கட்டடத்தின் அமைப்பே ஒரு நீதிமுறையாக விளங்கிற்று.

1785ஆம் ஆண்டைச் சேர்ந்த மற்றொரு பலகை பல்பொருள் வணிகர்க்கான விதிகளைக் கூறுகிறது. வாயிலில் நின்று வழிமறித்து வாங்குவோரை அழைத்தல் ஆகாது. பிறர் பெயரைப் பொய்யாகச் சொல்லி அவர்களைத் தங்கவைத்தல் ஆகாது. பிறன் கடையில் நிற்பவனைத் தன் பக்கம் இழுத்தல் ஆகாது. மீறினால் 50 லியாங் வெள்ளி தண்டம். விதி இருப்பின் குற்றமும் இருந்தது என்பது வெளிப்படை. அவ்வணிகர் தேவர்கள் அல்லர். நம்மைப் போன்ற மாந்தரே. தம் குறையைத் தாமே அறிந்து, அதனை மறையாது கல்லில் எழுதி, யாவரும் காண நிறுத்தினர் என்பதே பாராட்டத்தக்கது.

தாளே வெள்ளியாக

ஷெதியென் ஊரிலிருந்து வடக்கே செல்லின் லோயாங் நகரில் 1744இல் எழுந்த 'லூஸே' மன்றத்தைக் காணலாம். இன்று அது நாட்டார் வழக்காற்றுக் காட்சியகமாக உள்ளது. மேலும் சென்று ஷான்ஸி புகுந்தால் வணிகரின் சொந்த ஊர்கள் வரும். ஊர்விட்டு வாழ்ந்தவர் ஈட்டிய செல்வம் இங்கே மனைகளாக நிற்கிறது. சீ மாவட்டத்துச் சியாவ் குடும்ப மனையில் 6 பெருமுற்றங்களும் 313 அறைகளும் உண்டு. உயர்ந்த மதிலும் குறுகிய வாயிலும் கொண்ட அது வெளியிலிருந்து பார்ப்போர்க்குக் கோட்டைபோல் தோன்றும். 1991இல் வெளிவந்த புகழ்பெற்ற சீனத் திரைப்படம் ஒன்று அம்முற்றங்களில் எடுக்கப்பட்டது.

இப்பெருமனைகளினும் சிறியதொரு கட்டடம் பொருளியல் வரலாற்றில் பேரிடம் பெற்றுள்ளது. அது பிங்யாவ் நகரில் 1823இல் தோன்றிய 'ரிஷெங்சாங்' பணவிடை நிலையம். முதலில் அது சாயக்கடையாக இருந்தது. கிளைகள் பல ஊர்களில் இருந்தமையால், ஓர் ஊரில் வெள்ளியைச் செலுத்தி மற்றோர் ஊரில் பெற்றுக்கொள்ள நண்பர்களுக்கு அது உதவிற்று. லெய் லூதாய் என்னும் மேலாளர் அவ்வுதவியையே தொழிலாக்கினார். வெள்ளியை வண்டியில் ஏற்றி, காவலர் சூழ, கள்வர்க்கு அஞ்சி அனுப்பிய நிலை மாறிற்று. ஒரு தாள் போதுமானதாயிற்று.

அத்தாளை எவரும் போலியாக எழுதிவிடலாமே என்பது அடுத்த கவலை. அதற்கு அவர்கள் கண்ட வழி மறைமொழி. மாதங்கள் பன்னிரண்டிற்கும் பன்னிரண்டு எழுத்துகள் வைத்தனர். அவ்வெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால், போலித் தாளைக் குறித்து விழிப்பாயிரு, எழுத்தையும் முத்திரையையும் உற்றுநோக்க மறவாதே என்னும் பொருள் வரும். நாளுக்கும் தொகைக்கும் வேறு எழுத்துகள் இருந்தன. எழுத்தரின் கையெழுத்தைக் கிளையினர் அறிந்திருந்தனர். வெளியூர்க் கிளைக்குச் செல்லும் பணியாளர் குடும்பத்தை உடன் கொண்டுசெல்லல் ஆகாது. சில ஆண்டுகட்கு ஒருமுறையே வீடு திரும்பலாம். அவர்களுக்கு முதல் இல்லாமலே உழைப்பின் பெயரால் ஆதாயப் பங்கு உண்டு. அத்தாளின்மீது உலகம் வைத்த நம்பிக்கைக்குப் பின்னே, ஆண்டுக்கணக்கில் கணவனைக் காணாத மனைவியரின் தனிமையும் இருந்தது என்பதை மறத்தல் ஆகாது.

எல்லையில் ஓர் ஊர்

இவ்வழியின் வடமுனை கியாக்தா. 1727இல் உருசியாவும் சீனமும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக, எல்லைக்கோட்டின் இருமருங்கும் இரண்டு ஊர்கள் எழுந்தன. உருசியப் பக்கத்தில் கியாக்தா. சீனப் பக்கத்தில் 'மாய்மாய்செங்', அதாவது 'வாங்கல் விற்றல் நகர்'. சீனப் பெண்டிர் அங்கு வாழ இசைவில்லை. அது முற்றும் ஆடவர் ஊர். நெடுங்காலம் பணமின்றிப் பண்டமாற்றே நடந்தது. உருசியரின் மென்மயிர்த் தோலும் துணியும் தேயிலைக்கு மாறின. இரு சாராரும் பேசுவதற்கென உருசியச் சொற்களைச் சீன முறையில் கோத்த கலப்புமொழி ஒன்றும் பிறந்தது. சந்தை எங்குண்டோ அங்கெல்லாம் புதுமொழி பிறக்கும் என்பதனை மலாக்காவை அறிந்த நமக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

கியாக்தாவின் உருசிய வணிகர் தேயிலைச் செல்வத்தால் 1838இல் பெருந்தேவாலயம் ஒன்றைக் கட்டி முடித்தனர். மாய்மாய்செங்கோ 1921ஆம் ஆண்டுப் போரில் அழிந்துபட்டது.

எரிந்தவையும் எஞ்சியவையும்

இப்பெருவழி எவ்வாறு ஒடுங்கியது? 1861இல் ஹாங்கோவ் வெளிநாட்டாருக்குத் திறக்கப்பட்டது. உருசிய வணிகர் நேரே வந்து தேயிலைக் கட்டி ஆலைகளை நிறுவினர். நீராவி எந்திரங்கள் வந்தன. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் தேயிலை கப்பலேறி ஒதெஸ்ஸா துறைமுகத்தை அடைந்தது. பின்னர்ச் சைபீரிய இருப்புப்பாதை ஒட்டகத்தின் வேலையைப் பறித்தது. 1906இல் நிறைவுற்ற பெய்ஜிங் - ஹாங்கோவ் இருப்புப்பாதை ஷெதியென் ஊரைத் தொடாமலே சென்றது. படகுத்துறை ஓய்ந்தது. பிங்யாவின் ரிஷெங்சாங் 1914இல் கடைகட்டிற்று.

ஷெதியென் மன்றத்தில் மிக உயர்ந்து நின்ற மாடம் 1857இல், நியென் கிளர்ச்சிப் படை வந்தபோது, எரிந்துபோயிற்று. தீயில் சிதைந்த வழிபாட்டு மண்டபத்தை வணிகர் 1869இல் மீண்டும் எழுப்பத் தொடங்கி 1892இல் முடித்தனர். வணிகம் தேயத் தொடங்கிய காலத்தில் அவர்கள் அதனைக் கட்டினர் என்பது கருதத்தக்கது. எரிந்த மாடத்தை மீண்டும் எழுப்பவில்லை.

ஹாங்கோவில் 1683இல் நிறுவிய மன்றத்தின் கதை இன்னும் துயரமானது. தைப்பிங் போரில் ஒருமுறை அழிந்தது. பெரும்பொருள் செலவிட்டு மீண்டும் கட்டினர். 1911ஆம் ஆண்டுப் புரட்சிப் போரில் நகர் தீப்பற்றியபோது அதுவும் எரிந்தது. இன்று அதன் கல்லும் மரமும் இல்லை. ஆயினும், 1896இல் மன்றத்தார் தம் வரலாற்றையும் விதிகளையும் நிலவுரிமைகளையும் தொகுத்து ஒரு நூலாக அச்சிட்டிருந்தனர். அந்நூல் பிழைத்தது. அதனைக் கொண்டே அறிஞர் அந்நகரின் வணிக வாழ்வை இன்று ஆராய்கின்றனர். கட்டடம் எரிந்தது, ஏடு நின்றது.

எஞ்சியவை எவ்வாறு எஞ்சின என்பதும் ஆராயத்தக்கது. தேயிலை வழிக்கு அப்பால், பெருங்கால்வாயின் கரையில் உள்ள லியாவ்செங் நகரிலும் ஷான்ஸி, ஷென்ஸி வணிகர் 1743இல் தொடங்கிய மன்றம் ஒன்று நிற்கிறது. அங்கே நாடக மேடையின் பின்னறைச் சுவர்களில், 19ஆம் நூற்றாண்டில் வந்து ஆடிய குழுவினர் தம் குழுவின் பெயரையும் ஆடிய நாடகங்களையும் மையால் எழுதிச் சென்றுள்ளனர். சுவரைத் தூய்மை செய்வதாக எவரேனும் சுண்ணாம்பு பூசியிருப்பின், நாடக வரலாற்றின் ஓர் ஏடு அழிந்திருக்கும். சிசுவான் மாநிலத்து ஸிகுங் நகரில் உப்பு வணிகர் 1736 முதல் 1752 வரை கட்டிய மன்றம், 1959இல் உப்புத் தொழில் காட்சியகமாயிற்று. ஷெதியென், லியாவ்செங், ஸிகுங் ஆகிய மூன்றிடத்து மன்றங்களும் 1988இல் தேசியப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தன. பிங்யாவ் நகரம் 1997இல் உலக மரபுச் சின்னமாயிற்று. தேயிலைப் பெருவழியின் சீனப் பகுதியை 2019இல் உலக மரபுக்கான முன்மொழிவுப் பட்டியலில் சீனம் சேர்த்தது.

இவற்றால் ஓர் உண்மை புலப்படும். பயன் இழந்த கட்டடம் நெடுநாள் நில்லாது. வணிகம் போனபின் காட்சியகமாகவோ கலைக்கூடமாகவோ வேறொரு வேலையைப் பெற்றவை பிழைத்தன. எனினும் இதில் இடர் ஒன்றும் உண்டு. காண வருவோரைக் கவர வேண்டிச் செதுக்கு வேலைகளுக்குப் புதுவண்ணம் தீட்டி, பழந்தெரு போன்ற புதுத்தெருவை அருகே அமைத்து, விதிப்பலகையை மூலையில் ஒதுக்கிவிட்டால் எஞ்சுவது அழகிய ஓடு மட்டுமே. கொடிமரமும் மெருகோடும் அரண்மனையிலும் உண்டு. தூக்குக்கோலை மாற்றியவன் நாடகம் போட வேண்டும் என்னும் கல் அங்கே இல்லை. காக்க வேண்டியவற்றுள் முதலிடம் அதற்கே உரியது.

நம் கடமை

இச்செய்திகள் நமக்கு ஏன் என வினவலாம். வூயி மலை அமைந்த அதே ஃபூச்சியென் மாநிலத்தின் கடற்கரையில் சுவான்சோ என்னும் துறைமுகம் உள்ளது. அங்கே 13ஆம் நூற்றாண்டில் தமிழ் வணிகர் சிவபெருமானுக்குக் கோயில் எடுத்தனர். 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு அதற்குச் சான்றாகக் கிடைத்துள்ளது. கோயில் இன்று இல்லை. அதன் சிற்பக் கற்கள் பல இடங்களில் சிதறிக் கிடந்தன. தூண்கள் சில அவ்வூர்ப் பௌத்தப் பள்ளியில் இடம்பெற்றுள்ளன. அயல்நாட்டில் வணிகம் செய்யச் சென்றவன், கூடுவதற்கும் வணங்குவதற்கும் ஓர் இடம் அமைத்து, அதனைக் கல்லில் எழுதி வைத்தான் என்னும் வகையில் ஷான்ஸி வணிகனும் தமிழ் வணிகனும் ஓரினத்தவரே. அக்கல்லில் எழுத்து இல்லாதிருப்பின், அங்கு நாம் இருந்தோம் என்பதை எவ்வாறு மெய்ப்பிப்போம்?

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நூறாண்டு கண்ட மன்றங்களும் கோயில்களும் பல உள. அவற்றின் கோபுரங்களுக்கும் கூரைகளுக்கும் திருப்பணி செய்வோர் உண்டு. ஆனால் பழைய கணக்கேடு, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, நன்கொடையாளர் பெயர் பொறித்த பலகை, உறுப்பினர் விதி ஆகியவற்றைப் பேணுவோர் எத்தனை பேர்? அலமாரியை மாற்றும்போது எறியப்படும் ஏட்டில்தான் முன்னோர் ஒருவரை ஒருவர் நம்பிய வரலாறு உள்ளது. ஆசிரியப் பெருமக்கள் மாணவர்களை அருகிலுள்ள சீன மன்றத்திற்கும் நம் கோயிலுக்கும் அழைத்துச் செல்லும்போது, சிற்பத்தைக் காட்டுவதோடு நில்லாமல், சுவரில் பதித்த பெயர்ப்பலகையையும் படிக்கச் செய்தல் வேண்டும். எவர் எவ்வளவு கொடுத்தார், எந்த ஊரினின்றும் வந்தார், எதற்கெனக் கொடுத்தார் என எழுதிவரச் செய்தல் வேண்டும்.

ஷெதியென் வணிகர் தேயிலையால் ஈட்டிய வெள்ளி இன்று எங்கும் இல்லை. அவர்கள் ஏறிய படகுகள் இல்லை. ஒட்டகச் சாத்துக்கள் இல்லை. எடை குறையலாகாது என்று அவர்கள் கூடி எழுதிய கல் மட்டும் நிற்கிறது. வணிகர் விட்டுச்சென்ற மெய்யான செல்வம் அதுவே.